தமிழகக் குடும்பங்களின் கடனும் வரவுசெலவும்: ஒரு வரலாறு

கடனை அடைத்துக்கொண்டே வீட்டுச் செலவையும் நடத்துவது தமிழகக் குடும்பங்களுக்குப் பழகிப்போன வேலை. இதன் வரலாறு அரசு அறிக்கைகள், சட்டங்கள், கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகள், மளிகைக்கடை நோட்டுகள், மொய் நோட்டுகள் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கடந்த ஏறத்தாழ 130 ஆண்டுகளில் அரசு கடனை முதலில் மொத்தத் தொகையால் அளந்தது. பிறகு வட்டி விகிதத்தால் அளந்தது. பிறகு அசலின் மடங்கால் அளந்தது. குடும்பமோ கடனை எப்போதும் தவணை நாளால்தான் அளந்து வந்திருக்கிறது. எந்த நாளில் எவ்வளவு கட்ட வேண்டும், அந்த நாளில் கையில் காசு இருக்குமா என்பதே வீட்டின் கேள்வி. இந்த இரண்டு அளவுகோல்களும் பொருந்திய இடங்களில் கடன் தீர்ந்தது. பொருந்தாத இடங்களில் ஒரு கடன் இன்னொரு கடனாக உருமாறியது.

வட்டியைக் குறிக்கும் சொற்கள்

தமிழகத்தில் வட்டி ஆண்டு விழுக்காட்டில் பேசப்படுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே வழக்கு. 'ஒரு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 விழுக்காடு. 'மூணு வட்டி' 36 விழுக்காடு. 'அஞ்சு வட்டி' 60 விழுக்காடு. 'பத்து வட்டி' 120 விழுக்காடு. இதையே ரூபாய்க்கு இத்தனை பைசா என்று கணக்கிட்டு 'மூணு பைசா வட்டி' என்றும் சொல்வர். அணா இருந்த காலத்தில் 'ரூபாய்க்கு மாதம் ஓரணா' என்றால் ஆண்டுக்கு 75 விழுக்காடு. மாதக் கணக்கில் சிறிதாகத் தோன்றும் எண் ஆண்டுக் கணக்கில் எவ்வளவு பெரிதாகிறது என்பதை இந்தப் பேச்சுவழக்கு மறைத்துவிடுகிறது. ஆனால் மாதச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய முறையும் இல்லை.

கடனின் வகைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வட்டியில்லாமல் சில நாளுக்கு வாங்குவது கைமாற்று. கையெழுத்திட்ட தாளின் பேரில் வாங்குவது புரோநோட்டுக் கடன். நிலத்தை அல்லது வீட்டைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விட்டு, அந்த அனுபவத்தையே வட்டிக்கு ஈடாக்குவது ஒத்தி அல்லது போக்கியம். நகையை வைத்து வாங்குவது அடகு. வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு முன்னதாகப் பெறுவது முன்பணம். ஒரே குடும்பம் ஒரே சமயத்தில் இவற்றில் மூன்று நான்கை வைத்திருப்பது இயல்பு.

நிக்கல்சன் அறிக்கை

சென்னை மாகாணத்தில் உழவர் கடன் பற்றிய முதல் விரிவான ஆய்வை நடத்தியவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். ஐ.சி.எஸ். அதிகாரியான இவர் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். வேளாண் வங்கிகளை ஏற்படுத்த முடியுமா என்று ஆராயும் பணி 1892-இல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கையின் முதல் தொகுதி 1895-இலும் இரண்டாம் தொகுதி 1897-இலும் வெளிவந்தன. மாகாணத்தின் ஊரகக் கடன் ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார்.

இந்தக் கடன் எப்படிப் பெருகியது என்பதற்குப் புரோநோட்டின் இயல்பே ஒரு விடை. காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டின் மீது வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் கடன் கொடுத்தவர், அசலோடு அதுவரையிலான வட்டியையும் கூட்டிப் புதிய நோட்டு எழுதி வாங்கிக்கொள்வார். ஒன்றரை வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு, 100 ரூபாய் வாங்கியவர் எதுவும் கட்டாமல் மூன்றாம் ஆண்டு நோட்டை மாற்றினால் அது 154 ரூபாய் ஆகும். ஆறாம் ஆண்டில் 237 ரூபாய். ஒன்பதாம் ஆண்டில் 365 ரூபாய். இடையில் குடும்பத்தின் கைக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. வாங்கிய கடனைவிட எழுதிய கடன் பெரிதாவது இப்படித்தான்.

நிக்கல்சன் கண்ட தீர்வு ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை ஒத்தது. ஒரே ஊரார், ஒருவரை ஒருவர் அறிந்தவர், கூட்டுப் பொறுப்பில் கடன் பெற்றுத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சென்னையில் ஏற்கெனவே நடந்துவந்த நிதிகளையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் இவற்றில் புகழ்பெற்றது. மாதந்தோறும் சிறுதொகை கட்டி, அதன் மேல் கடன் பெறும் வசதி நிதிகளில் இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஏற்றது. அறுவடைக்கு அறுவடை காசு பார்க்கும் உழவருக்கு மாதச் சந்தா ஏற்றதாக இல்லை.

கூட்டுறவுச் சங்கங்கள்

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் மாகாணத்தின் முதல் ஊரகக் கடன் சங்கம் பதிவானது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கியது. முன்னது கடனுக்கானது. பின்னது நுகர்பொருளுக்கானது, இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் காட்டிய வழியைப் பின்பற்றியது. ஒரு குடும்பம் கடனாளி ஆவதற்கு வட்டிக்கடை மட்டும் காரணமில்லை, மளிகைக்கடையில் கடனுக்கு வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையும் காரணம் என்பதை இந்த இரண்டாவது வகைச் சங்கம் உணர்ந்திருந்தது.

ஊரகச் சங்கங்கள் வட்டியைக் குறைத்தன. ஆனால் தவணையை ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடையை ஒட்டி வைத்தன. மழை பொய்த்த ஆண்டில் அந்த ஒரு நாள் தவறிப்போகும். அப்போது உழவர் உள்ளூர் வட்டிக்காரரிடம் சில நாளுக்குக் கைமாற்று வாங்கிச் சங்கக் கடனைக் கட்டுவார். பிறகு அதே சங்கத்தில் மீண்டும் கடன் எடுத்து வட்டிக்காரருக்குத் திருப்புவார். சங்கத்தின் ஏட்டில் கடன் அடைந்திருக்கும். வீட்டில் அடைந்திருக்காது. நகைக்கடனையும் பயிர்க்கடனையும் 'திருப்பி வைக்கும்' இன்றைய பழக்கம் இதன் தொடர்ச்சியே.

விடுதலைக்குப் பிறகு 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. வட்டிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஆலைத் தொழிலாளரும் மாதச் சம்பளமும்

நகரத் தொழிலாளரின் கடனை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது, விட்லி தலைமையில் 1929 முதல் 1931 வரை பணியாற்றிய தொழிலாளர் அரச ஆணையம். பெரும்பாலான தொழில் நகரங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், கடன் பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் இருப்பதாகவும் ஆணையம் கருதியது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது அன்று பரவலாக இருந்தது. ஒருவருடைய கடன் மூன்று மாதச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், இந்த விகிதத்தில் வட்டி மட்டுமே மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். அசல் அப்படியே நிற்கும்.

ஆணையம் கண்ட காரணங்களில் ஒன்று சம்பள நாள். மாதச் சம்பளம் மாதம் முடிந்து பல நாள் கழித்தே கிடைத்தது. அதுவரை மளிகைக்கும் வாடகைக்கும் கடன்தான். ஆகவே பஞ்சாலை, ரயில்வே பட்டறை போன்ற இடங்களில் 16 நாளுக்கு மிகாத இடைவெளியில் சம்பளம் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1936-இல் வந்த ஊதியம் வழங்கல் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் 10-ஆம் நாளுக்குள்ளும் பட்டுவாடா செய்ய வேண்டும் என்றது. முதல் தேதி வேலையில் சேர்ந்தவர் முதல் சம்பளத்தை 40-ஆம் நாளில் பெறலாம் என்பதே இதன் பொருள். அந்த 40 நாளும் மளிகைக்கடை நோட்டில் பற்று ஏறும். பிறகு வரும் ஒவ்வொரு சம்பளமும் முந்தைய மாதக் கடனை அடைக்கவே போகும். சம்பளக்காரக் குடும்பம் ஒரு மாதம் பின்தங்கியே வாழ்நாள் முழுவதும் ஓடுவது இங்கே தொடங்குகிறது.

இதே காலத்தில், 1935-36-இல், சென்னை நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு ஆய்வு செய்யப்பட்டது. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணுக்கு அதுவே அடிப்படையானது. ஒரு குடும்பம் அரிசிக்கும் விறகுக்கும் வாடகைக்கும் எவ்வளவு செலவிடுகிறது என்பது அரசின் கணக்குக்குள் வந்தது.

பெருமந்தமும் 1938-ஆம் ஆண்டுச் சட்டமும்

1929-க்குப் பிந்தைய உலகப் பெருமந்தத்தில் நெல் விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. கடன் ரூபாயில் எழுதப்பட்டிருந்தது. வருமானம் நெல்லில் வந்தது. விலை பாதியானால், அதே 100 ரூபாயைக் கட்ட இரு மடங்கு நெல் விற்க வேண்டும். வட்டி ஒரு பைசா உயராமலே கடன்சுமை இரட்டிப்பானது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்ட பின் தங்கத்தின் விலை ஏறியது. குடும்பங்கள் நகைகளை விற்றன. நாட்டிலிருந்து பெருமளவு தங்கம் வெளியேறியது. தலைமுறைகளாகச் சேர்த்த சேமிப்பு கடனுக்கும் நிலவரிக்கும் கரைந்தது.

மாகாணத்தின் ஊரகக் கடன் 1930-ஐ ஒட்டிய வங்கி விசாரணைக் குழுவின் கணக்கில் 150 கோடி ரூபாய். சத்தியநாதன் 1935-இல் அளித்த அறிக்கையில் அது 200 கோடி. இந்தப் பின்னணியில் இராஜாஜியின் அமைச்சரவை 1938-இல் சென்னை வேளாளர் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் நீக்கப்பட்டது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. புதிய கடன்களுக்கு ஆண்டுக்கு 6¼ விழுக்காடு தனிவட்டி உச்சவரம்பானது. எத்தனை முறை நோட்டு மாற்றி எழுதப்பட்டிருந்தாலும், முதலில் கைக்கு வந்த அசல் எவ்வளவு என்று நீதிமன்றம் தேடிப் பார்க்கலாம் என்பது இதன் முக்கியக் கூறு. மேலே கண்ட 365 ரூபாய் மீண்டும் 100 ரூபாயாகும் வழி அது.

வட்டி அசலை மீறக் கூடாது என்ற கருத்து பழைய தருமநூல்களிலும் உண்டு. பம்பாய் மாகாண நீதிமன்றங்கள் அதைத் 'தாம்துபட்' என்ற பெயரில் பின்பற்றின. சென்னை மாகாணத்தில் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கருத்துக்குப் புதிய வடிவம் கொடுத்தது.

ஆனால் விற்கத்தக்க உரிமையுள்ள நிலம் வைத்திருந்தவரே சட்டத்தின் பார்வையில் வேளாளர். நிலமற்ற கூலிக் குடும்பத்தின் கடன் அதற்குள் வரவில்லை. இதன் விளைவு எட்டு ஆண்டுகளில் தெரிந்தது. பி. வி. நாராயணசாமி நாயுடு 1946-இல் அளித்த அறிக்கையின்படி மாகாணத்தின் ஊரகக் கடன் 1939-இல் இருந்த ஏறத்தாழ 272 கோடியிலிருந்து 1945-இல் 218 கோடியாகக் குறைந்திருந்தது. போர்க்கால விலையேற்றத்தில் விற்க நெல் வைத்திருந்த பெரு, நடுத்தர நிலவுடைமையாளர்கள் கடனை அடைத்தார்கள். அரிசியை விலைக்கு வாங்கிய கூலித் தொழிலாளரின் கடன் அதே காலத்தில் கூடியது. மொத்தத் தொகை குறைவதும் எல்லார் வீட்டுக் கடனும் குறைவதும் ஒன்றில்லை.

தண்டல் ஏன் நிலைத்தது

காய்கறி, பூ, மீன் விற்பவர்கள் நாடுவது தண்டல். பரவலான முறை இது: 1,000 ரூபாய்க் கடனில் 150 ரூபாயை முன்வட்டியாகப் பிடித்துக்கொண்டு 850 கையில் தருவார்கள். நாளுக்கு 10 ரூபாயாக 100 நாள் வசூலிப்பார்கள். பார்வைக்கு 15 விழுக்காடு வட்டிபோல் தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு. பேச்சுவழக்கில் சொன்னால் பத்து வட்டி.

இவ்வளவு விலை கொடுத்து ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்குத் தவணையில் விடை இருக்கிறது. பூக்காரியின் வருமானம் நாள்தோறும் வருகிறது. தண்டல்காரர் நாள்தோறும் வருகிறார். அன்றைய விற்பனையில் 10 ரூபாய் எடுத்துவைப்பது எளிது. மூன்று மாதம் கழித்து 900 ரூபாயை மொத்தமாக எடுத்துவைப்பது கடினம். சிறுகாசு வீட்டில் தங்காது என்பது அவருக்குத் தெரியும். மலிவான வங்கிக் கடனும் சங்கக் கடனும் தோற்ற இடத்தில் தண்டல் நிலைத்ததற்கு இதுவே காரணம். அது வட்டியில் கொடியது, தவணையில் பொருத்தமானது.

தமிழக அரசின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லி வரையறுத்துத் தடை செய்தது. மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனையும் வைத்தது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரு சிறு குழந்தைகளோடு தீயில் உயிரிழந்தார். சட்டம் வட்டியைத் தடை செய்திருந்தது. அந்தக் கடன் தேவைப்பட்ட நாளில் வேறு யாரிடம் போகலாம் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கவில்லை.

வீடுகள் தாமே கண்ட வழிகள்

அரசுக்கு வெளியே குடும்பங்கள் தாமே அமைத்துக்கொண்ட ஏற்பாடுகள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது சீட்டு. இருபது பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில் மாதந்தோறும் 20,000 ரூபாய் திரளும். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளுபடித் தொகையில் சீட்டு நடத்துபவரின் கழிவு போக மீதி எல்லாருக்கும் பிரியும். தொடக்கத்தில் எடுப்பவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. பழைய கடனை ஒரே தவணையில் அடைக்கச் சீட்டு எடுப்பது நெடுநாளைய வழக்கம். தமிழகச் சீட்டு நிதிச் சட்டம் 1961-இலும் நடுவண் அரசின் சட்டம் 1982-இலும் வந்தன. பதிவில்லாத சீட்டில் நடத்துபவர் ஓடிப்போனால் சேமித்தவரும் கடனாளி ஆவார்.

இரண்டாவது நகை. நகையை அணியாகவும் அவசர நிதியாகவும் ஒருசேரக் கருதியே வீடுகள் வாங்கின. கூட்டுறவு, வங்கி அடகு வழியாக அது குறைந்த வட்டிக் கடனாக மாறும். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் திருப்பி வைத்தால் அசல் குறையாது; கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்குப் போகலாம்.

மூன்றாவது மொய். திருமணம், காதுகுத்து ஆகியவற்றில் வைக்கும் மொய் எல்லாப் பகுதியிலும் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய்விருந்து என்றே தனியாக நடக்கும். பல ஆண்டுகளாகப் பிறருக்குச் செய்த மொய் ஒரே நாளில் திரும்ப வரும். வட்டி இல்லை, ஆனால் வாங்கியதை அடுத்தவர் விருந்தில் சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும். மொய் நோட்டு ஒரு கடன் பேரேடு. அதில் தவணை நாளைத் தீர்மானிப்பது மற்றவர் வீட்டு விசேஷம். ஒரே ஆடியில் பத்து விருந்து வந்தால், மொய் வைக்கவே கடன் வாங்கும் வீடுகளும் உண்டு.

பெண்கள் குழுக்கள்

1978-இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் மன்றம், தெருவோர வணிகம் செய்யும் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து வங்கிக் கடன் பெற்றுத் தந்தது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தமிழக மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. தமிழகத்தில் 1997 முதல் மகளிர் திட்டம் இதை மாநிலம் முழுதும் கொண்டுசென்றது.

12 முதல் 20 பேர் கொண்ட குழு, ஊக்குநர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, சேமிப்பு-கடன் பதிவேடு, ஆளுக்கொரு பாஸ்புக் என்பது அமைப்பு. குழுவுக்குள் பெரும்பாலும் இரண்டு வட்டி. அந்த வட்டி வெளியே போகாமல் குழுவின் நிதியில் சேர்ந்தது. தவணையைக் குழுவே முடிவு செய்தது. பருத்தி எடுக்கும் மாதத்தில் கூடக் கட்டலாம். வேலை இல்லாத மாதத்தில் வட்டி மட்டும் கட்டலாம். தண்டலின் சிறுதவணையும் சங்கத்தின் குறைந்த வட்டியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இது. பல பெண்கள் வீட்டின் வரவையும் கடனையும் முதன்முதலாக எழுத்தில் பார்த்ததும் இந்தப் பாஸ்புக்கில்தான்.

நுண்கடனும் பாதி வருமான விதியும்

2000-க்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. மக்கள் வழக்கில் இவை 'குழுக் கடன்'. வாரந்தோறும் ஒரே நாள், ஒரே இடம், ஒரே தொகை. இங்கே சேமிப்பு முன்னால் வருவதில்லை; ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் ஈடு செய்ய வேண்டும். ஒரே பெண் பல நிறுவனங்களில் கடன் பெற்று, ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கட்டும் நிலை உருவானது. 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் இது நெருக்கடியாக வெடித்தது. மாலேகாம் குழுவின் பரிந்துரையை ஒட்டி ரிசர்வ் வங்கி 2011-இல், ஒருவருக்கு இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்றும் வட்டிக்கு உச்சவரம்பு என்றும் விதித்தது. தமிழகத்தின் தென்னார்க்காட்டுப் பகுதியில் நெடுங்காலம் ஆய்வு செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆங்கில நூல், கடனை நிர்வகிப்பதே பெண்களின் ஓர் உழைப்பாகிவிட்டதைக் காட்டுகிறது.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளில் அளவுகோல் மாறியது. வட்டியின் உச்சவரம்பு நீங்கியது. அதற்குப் பதில், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. கடன் பெறுபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைக்க வழி வேண்டும் என்றும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்றும் விதி கூறியது. 1970-களின் இறுதியிலும் 1980-இலும் வந்த தமிழகக் கடன் நிவாரணச் சட்டங்களும் வருமானத்தைப் பார்த்தன. ஆனால் யாருக்கு நிவாரணம் என்று முடிவு செய்யவே பார்த்தன. எவ்வளவு தவணையை வீடு தாங்கும் என்ற கேள்வி விதிக்குள் நேரடியாக வந்தது 2022-இல்தான்.

இதிலும் இரண்டு ஓட்டைகள் உள்ளன. விதியின்படி குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அதே வீட்டில் இருக்கும் வயதான பெற்றோரும் அவர்களின் மருந்துச் செலவும் அந்த வரையறையில் இல்லை. மேலும் தண்டலும் கைமாற்றும் மொய்யும் எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டிலும் பதிவதில்லை. ஏட்டில் பாதியாகத் தெரியும் தவணை, வீட்டில் முக்கால் பங்காக இருக்கலாம். தமிழகச் சட்டமன்றம் 2025-இல் வலுக்கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது.

தள்ளுபடியும் கணக்கும்

தமிழக அரசு 2006-இல் 6,866 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனையும், 2021-இல் ஏறத்தாழ 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனையும் தள்ளுபடி செய்தது. பின்னர் 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களும் தகுதி அடிப்படையில் தள்ளுபடியாயின. இவை சங்க ஏட்டில் இருந்த கடன்கள். 1938-இல் நிலமற்றவர் விடுபட்டதுபோலவே, தண்டலில் இருப்பவர் இப்போதும் விடுபட்டார். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வேறு வகை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் குறித்த காலத்தில் வருகிறது. நாள் தெரிந்த வருமானத்தைத் தவணைக்கு ஒதுக்க முடியும் என்பதே அதன் தனித்தன்மை.

ஒரு கணக்கு இந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும். அஞ்சு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கிய குடும்பம் மாதம் 500 ரூபாய் கட்டுகிறது. அது வட்டிக்கே சரியாகிவிடும். பத்து ஆண்டு கட்டினாலும், 60,000 ரூபாய் போன பிறகும், 10,000 அப்படியே நிற்கும். அதே குடும்பம் நகையை வைத்தோ குழுவில் வாங்கியோ அந்தக் கடனை ஒரு வட்டிக்கு மாற்றி, அதே 500 ரூபாயைத் தொடர்ந்து கட்டினால் 23 மாதங்களில் கடன் முடியும். வீட்டுச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கத் தேவையில்லை. சிக்கனம் மட்டுமே கடனைத் தீர்ப்பதில்லை. கட்டும் காசில் எவ்வளவு அசலுக்குப் போகிறது என்பதே தீர்க்கிறது. வட்டி குறைந்த பிறகு தவணையையும் குறைத்துக்கொண்டால் இந்தப் பயன் கிடைக்காது என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

நிதி, சங்கம், சீட்டு, தண்டல், குழு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நாட்காட்டியோடு வந்தது. மாதச் சம்பளக்காரருக்கு நிதி பொருந்தியது. நாள்காசு பார்ப்பவருக்குத் தண்டல் பொருந்தியது. ஆனால் அவரையே அது தின்றது. தவணையைத் தாமே வைத்துக்கொண்ட மகளிர் குழு, வட்டி, தவணை இரண்டையும் ஒருசேரக் கையாண்டது. கடனை வட்டி, அசல் என இரண்டாகப் பிரித்து எழுதி, அதன் எதிரே காசு வரும் நாளையும் குறித்துவைத்த நோட்டு எந்த வீட்டில் இருந்ததோ, அந்த வீட்டுக்குச் சட்டமும் சங்கமும் கூடுதலாகப் பயன்பட்டன. நோட்டு மாற்றி எழுதப்படும்போது முதலில் வாங்கிய தொகை எவ்வளவு என்று கேட்க முடிந்ததும் அந்த வீட்டாருக்குத்தான்.